அடைக்கலராஜ் பெயரில் ஒரு மெயில்

மஞ்சக்குப்பத்து பிரவுசிங் சென்டரில் மதியம் மூன்று மணி. வெளியே தூறல். உள்ளே, திரை வெளிச்சத்தில் ஆரோக்கிய ராணியின் முகம் நீலமாகத் தெரிகிறது. நான் எட்டிப் பார்க்கவில்லை. எங்கள் இரண்டு கேபினுக்கும் நடுவில் இருக்கும் தடுப்பு அட்டை குட்டை, அவ்வளவுதான். அவளுக்கு வந்திருக்கும் மெயில் ஆங்கிலத்தில் மிரட்டுகிறது: டியர் கஸ்டமர், இருபத்துநான்கு மணி நேரத்துக்குள் பாஸ்வேர்டை அனுப்பாவிட்டால் உங்கள் கணக்கு மூடப்படும். அனுப்பியவர் அடைக்கலராஜ். அவள் புருஷன். போன தவக்காலத்தில்தான் அவரை அடக்கம் செய்தோம். கல்லறை வரைக்கும் நானும் போயிருந்தேன். “எவனோ திருட்டுப்பய அவுரு கணக்குல பூந்துட்டான்க்கா,” என்கிறாள் சென்டர் நடத்தும் ஜெனிஃபர். “நெஜக் கம்பெனி பாஸ்வேர்டு கேக்கவே கேக்காது. குடுத்தீங்கன்னா உங்க கணக்கும் போயிடும்.” ராணி லேசாகச் சிரிக்கிறாள். “தெரியுதுடி. அந்த மனுசன் என்னிக்கு என்னை டியர் கஸ்டமர்னு கூப்புட்டாரு? மூடிட்டா, துபாய்லேர்ந்து அவுரு எழுதுனதெல்லாம் போயிடுமேன்னுதான் பயந்துட்டேன்.” அப்போது திரையின் ஓரத்து சாட் பட்டியலில், இத்தனை மாதமாகச் சாம்பல் நிறத்தில் கிடந்த அவர் பெயருக்குப் பக்கத்தில் பச்சைப் புள்ளி எரிகிறது. சின்னப் பெட்டி ஒன்று திறந்து ‘ஹாய்’ என்கிறது. அதற்குக் கீழே மங்கலான எழுத்தில், அடைக்கலராஜ் எழுதிக்கொண்டிருக்கிறார் என்று வருகிறது. பெட்டியை மூட ஜெனிஃபர் மவுஸுக்குக் கையை நீட்டுகிறாள். ராணி அவள் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்துகிறாள். “இருடி. எழுதி முடிக்கட்டும்.”