அட்டைக்கு நாலு முகம்

“அந்தக் கறுப்புப் பயலை விடாதே மாப்ளே! கையோட பிடிச்சு இழுத்துட்டு வா, ஓடிடப் போறான்.”

நூலகத்தின் குழந்தைகள் பிரிவில் இருந்த ஒன்றிரண்டு தலைகள் நிமிர்ந்தன. பையன் எதையும் திருடவில்லை. மூலையில் உட்கார்ந்து திமிங்கிலப் படம் பார்த்துக்கொண்டிருந்தான், அவ்வளவுதான்.

கத்தியவர் குழந்தைகளுக்காகக் கதை எழுதுகிறவர். மனிதர் எல்லாரும் சமம் என்று மேடைக்கு மேடை முழங்கி, ‘சமத்துவம்’ என்ற பட்டப்பெயரையே சம்பாதித்து வைத்திருந்தார். அவருடைய புதிய புத்தகத்தின் பெயர் ‘வா, என் பக்கத்தில் உட்கார்’. அதன் அட்டைக்குத்தான் இந்தப் பிள்ளைபிடி வேலை.

பள்ளிக்கூடங்களுக்குப் புத்தகம் வாங்கும் குழு, வரைந்த படமெல்லாம் வேண்டாம், வேறு வேறு இனத்து நிஜப் பிள்ளைகளின் புகைப்படம்தான் வேண்டும் என்று சொல்லிவிட்டது. குழுத் தலைவி இன்று சரி என்று தலையாட்டினால் எல்லாப் பள்ளிக்கூட அலமாரியிலும் சமத்துவம்தான். இல்லையென்றால் இதுவும் போன புத்தகத்தைப் போலக் கட்டிலுக்கு அடியில் படுக்க வேண்டியதுதான்.

அந்த அம்மாளோ அப்போதே வந்து, உள்ளே நூலகர் அறையில் புத்தகங்களைப் புரட்டிக்கொண்டிருந்தார். வருவதாகச் சொல்லியிருந்த பிள்ளைகள் கடைசி நேரத்தில் கையை விரித்துவிட்டார்கள். அதனால் சமத்துவம் கண்ணில் பட்டதுகளைப் பொறுக்க ஆரம்பித்தார்.

“பேரு, ஊரெல்லாம் கேட்டுக்கலாமா மாமா?” என்றான் கேமராவோடு வந்திருந்த மைத்துனன்.

“பேர் எதுக்குடா? மூஞ்சியிலயே எழுதி ஒட்டியிருக்கே! இந்தச் செவப்புப் பொண்ணு நம்ம ஆளு. சுருட்டை முடி மலைப் பக்கம். அந்தச் சப்பை மூக்குக் குட்டி எல்லை தாண்டி வந்ததுங்களோட வாரிசு.”

அந்த வயதில் எல்லாக் குழந்தைக்கும் மூக்கு சப்பைதான். ஆனால் பெரிய மனிதரிடம் அதையெல்லாம் யார் சொல்வது?

கொண்டுவந்திருந்த பையிலிருந்து சுருட்டை முடிக்கு ஒரு மணிமாலையும், குட்டிக்கு ஒரு குல்லாவும் வெளியே வந்தன. சிவப்புப் பெண்ணுக்குப் பளபளவென்று ஒரு சால்வை. கறுப்புப் பையன் ஆசையாகப் பைக்குள் எட்டிப் பார்த்தான்.

“கையை எடுடா! மாப்ளே, இவனுக்கு ஒண்ணும் வேணாம். சட்டையை மட்டும் கொஞ்சம் கசக்கி விடு. கடலோரக் குடிசைப் பய, கசங்கியிருந்தாத்தான் பார்க்கிறவங்களுக்குப் பாவமா இருக்கும்.”

எல்லாருக்கும் மிட்டாய் கொடுத்தார். மற்ற மூன்று பேருக்கும் கையில் வைத்தார். கறுப்புப் பையனின் கையில் மட்டும் ஒரு சாண் மேலிருந்து போட்டார். “வாயைத் திறக்கக் கூடாது, ஆடாம நிக்கணும்” என்று மிரட்டலும் போட்டார்.

சிவப்புப் பெண் தன் பையிலிருந்து தண்ணீர் பாட்டிலை எடுத்துக் குடித்தாள். அதை வாங்கிக் கறுப்புப் பையன் வாய் வைத்துக் குடித்தான். அவனிடமிருந்து சுருட்டை முடி பிடுங்கிக்கொண்டாள். மிச்சத்தைக் குட்டி சட்டையெல்லாம் சிந்திக்கொண்டு காலி செய்தது. சிவப்புப் பெண் அதன் மூக்கைத் தன் பாவாடையாலேயே துடைத்துவிட்டாள்.

சமத்துவம் முதலில் ‘சீ’ என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். பிறகு நெஞ்சு நிமிர்ந்தது. “பாத்தியா மாப்ளே! என் புத்தகத்தை இன்னும் பிரிச்சே பார்க்கல, அதுக்குள்ள திருந்திட்டாங்க!”

அந்த நேரம் நூலகர் அறைக் கதவு திறந்தது. குழுத் தலைவி வெளியே வந்தார். அதுவரை உம்மென்று நின்றிருந்த நாலு முகமும் ஒரே சமயத்தில் சிரித்தன. மைத்துனன் பட்டென்று அமுக்கினான். படம் பிரமாதமாக விழுந்தது.

சமத்துவம் அந்த அம்மாளை மேலும் கீழும் ஒரு பார்வை பார்த்தார். நல்ல நிறம், நல்ல உடுப்பு. நம்ம ஆளுதான் என்று தெரிந்ததும் அவருக்குப் பாதி உயிர் வந்தது.

“நாலு பேரும் நாலு இனமா சார்?” என்று கேட்டார் தலைவி.

“சந்தேகமே வேணாம் மேடம். ஆயுசு பூரா இதே ஆராய்ச்சிதான். நடக்கிறதைப் பார்த்தே எந்த ஆளுங்கன்னு சொல்லிடுவேன்.”

“இந்தப் பையனை மட்டும் ஏன் ஓரமா நிறுத்தியிருக்கீங்க?”

சமத்துவம் குரலைத் தாழ்த்திக்கொண்டார். “நீங்க நம்ம ஆளு, உங்ககிட்ட சொல்றதுக்கு என்ன? அதுங்களுக்குக் கை கொஞ்சம் நீளம். என் பர்சைக்கூட உள்பக்கமாத்தான் வெச்சிருக்கேன். அட்டையில பாக்க நல்லா இருக்கும் மேடம். அதுக்காகப் பக்கத்துல வெச்சுக்க முடியுமா, சொல்லுங்க?”

தலைவி நேராகக் கறுப்புப் பையனிடம் போனார். அவனுடைய கசங்கிய சட்டையை நீவிவிட்டார். குட்டியின் குல்லாவைக் கழற்றி, மேசைமேல் வைத்துவிட்டுக் குட்டியை இடுப்பில் தூக்கிக்கொண்டார். மற்ற மூன்றும் புத்தகங்களை அலமாரியில் வைத்துவிட்டு அவர் பின்னாலேயே கிளம்பின.

சமத்துவம் பதறிப்போய்க் குறுக்கே வந்தார். “அய்யோ மேடம், அதுங்களை எதுக்கு நீங்க தூக்கிக்கிட்டு? கீழே விடுங்க, அழுக்கு. அதுங்களைப் பெத்தவங்க வந்து கூட்டிட்டுப் போவாங்க.”

“வந்துட்டேன் சார். நாலும் நான் பெத்ததுதான்.”