தெரு மூச்சைப் பிடித்த நேரம்

ஆன்செல்ம் மரக்குழலின் ஒரு முனையை அவள் மார்பில் வைத்து, மறுமுனையில் காதை ஒட்டினான். பீரங்கிதான் கேட்டது.

மறுபடி வைத்தான். இந்த முறை முரசு.

பாரிஸ், 1830 ஜூலை. புரட்சியின் இரண்டாம் நாள், உச்சி வெயில். பெயர்த்தெடுத்த தெருக்கற்களும் பீப்பாய்களும் கவிழ்ந்த வண்டியுமாக எழுப்பிய தடுப்புக்கு இந்தப் பக்கம் ஊர் மக்கள். கூப்பிடு தூரத்தில் அரசப் படை.

அவளை ஒரு கடைக்கதவின் மேல் கிடத்தியிருந்தார்கள். குண்டு இடது மார்பில். பீப்பாய் செய்யும் அவள் கணவன் பர்னபே தன் தோல் மேலங்கியைக் கழற்றி, மார்புக்குக் கீழே முழங்கால்வரை போர்த்தியிருந்தான். அதன்மேல் வைத்த கையை எடுக்கவே இல்லை.

"மயக்கம்தானே ஐயா? வெயில்ல நின்னா அவளுக்கு இப்படித்தான் வரும்."

ஆன்செல்முக்கு இருபது வயது. அறுவை மருத்துவன் என்று அவனை அழைக்கத் தொடங்கி நாலே மாதம். நாடியைப் பிடித்தான். துடிப்பது அவள் நாடியா, தன் விரலா, தெரியவில்லை. இதயத்தைக் கேட்டால்தான் உண்டு. அறுக்கிறவனுக்கு எதற்குப் புல்லாங்குழல் என்று தலைமை மருத்துவர் எல்லோர் முன்னாலும் கேலி செய்த அதே குழல்.

"இந்தச் சத்தத்துல எனக்கு ஒண்ணும் கேக்கலை."

சிப்பி விற்கும் த்வானெட் பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தடுப்பின் உச்சியில் ஏறி நின்றாள்.

"டேய், ராசா வீட்டுப் பிள்ளைங்களா! கொஞ்ச நேரம் மூடித் தொலைங்கடா! ஒருத்திக்கு உயிர் இருக்கான்னு டாக்டர் தம்பி காது வெச்சுக் கேக்குது. உங்க எழவு முரசை அப்புறமா அடிச்சுக்கலாம்!"

எதிர்ப்பக்கம் யாரோ சிரித்தார்கள். ஓர் அதிகாரியின் குரல் எழுந்தது. முரசு பாதி அடியில் நின்றது.

துப்பாக்கிகளும் பீரங்கியும் நின்றன.

எறியக் கல்லோடு ஜன்னல்களில் நின்றவர்கள் கல்லோடு அப்படியே நின்றார்கள். ஒருவன் இருமலை அடக்கி முகம் சிவந்தான். எங்கோ ஒரு வாளியில் தண்ணீர் சொட்டுவது கேட்டது. கொல்ல வந்தவர்களும் சாகத் துணிந்தவர்களும் சேர்ந்து மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

ஆன்செல்முக்கு மேலெல்லாம் சிலிர்த்தது. கூடவே ஒன்று புரிந்து வெட்கமாகவும் இருந்தது. அந்தச் சத்தத்துக்குள் அவன் ஒளிந்துகொண்டிருந்தான். சத்தம் இருந்தவரை அவள் உயிரோடு இருந்தாள்.

குழலை வைத்தான். இடம் மாற்றி வைத்தான்.

ஒன்றுமில்லை.

தலையை நிமிர்த்தினால் சொல்லியாக வேண்டும். நிமிர்த்தாமல் கண்களை மட்டும் திருப்பினான். பர்னபேயின் கை தெரிந்தது. காயம் மேலே இருக்க, இந்த மனிதன் எதை இங்கே பொத்திக்கொண்டிருக்கிறான்?

மேலங்கியை விலக்கினான். நிறைமாதம்.

வயிற்றுப் பிள்ளையின் துடிப்பும் குழலில் கேட்குமாம் என்று மருத்துவ மாணவர்கள் சொல்லிச் சொல்லிச் சிரித்திருக்கிறார்கள். பர்னபேயின் கை இருந்த இடத்தில், அந்தச் சூட்டின்மேல், குழலை வைத்தான்.

பஞ்சில் பொதிந்த சட்டைப்பைக் கடிகாரம் மாதிரி இருந்தது அது. சின்னதாக. வேகமாக. வெளியே நடப்பது எதுவும் தெரியாமல்.

தாயின் மூச்சு நின்றபின் பிள்ளைக்குச் சில நிமிடங்களே மிச்சம். அவளுக்கு உயிர் இருந்தாலோ, வயிற்றைக் கீறும் கத்தியே அவளைக் கொன்றுவிடும். மார்புக்குத் திரும்பி இன்னொரு முறை கேட்டான். அந்த நிசப்தத்தில் தவறாகக் கேட்க வழியே இல்லை.

பர்னபேயைப் பார்த்தான். பர்னபே குழலைப் பார்த்தான், அவள் முகத்தைப் பார்த்தான், பிறகு தலையசைத்தான்.

ஆன்செல்ம் கத்தியை எடுத்தான்.

தெரு அசையவில்லை. என்ன நடக்கிறதென்று யாரும் படையிடம் சொல்லவில்லை. கல்லின் மேல் கிடந்த நிழல் ஒரு விரற்கடை நகர்ந்தது. ஒரு சின்ன வீறல் எழுந்தது.

பிறகு தடுப்புக்கு அப்பாலிருந்து, தயங்கித் தயங்கி, ஒரு சிப்பாயின் குரல் வந்தது.

"ஆணா, பொண்ணா?"