ஆறிப்போன பெட்டி

"தம்பி, என்ர பெட்டியில இருந்த சூட்டைத் திருப்பித் தாங்கோ!"

செந்தூரன் தொலைபேசியைக் காதிலிருந்து ஒரு சாண் தள்ளிப் பிடித்தான். பூநகரியிலிருந்து விமலேஸ்வரி அம்மா போட்ட சத்தம், பரந்தனில் இருந்த அவன் பட்டறை முழுக்கக் கேட்டது. காதுக்கருவி போடுகிறவர்கள் கொஞ்சம் உரத்துத்தான் பேசுவார்கள். இது அதுவல்ல, கோபம்.

"அம்மா, சூடு குறைஞ்சது நல்லதெல்லோ?"

"ஆருக்கு நல்லது?"

அவனுக்குச் சுரீரென்றது. வயர் எதுவும் குத்தாமல், பெட்டிக்குள் வைத்தாலே சார்ஜ் ஏறும் காதுக்கருவி. அந்தச் சார்ஜ் பெட்டியை உதவி நிறுவனம் ஒன்று கேட்டு அவனே செய்து கொடுத்திருந்தான். பழைய பெட்டி நாற்பத்தாறு பாகை வரை சுட்டது. கடலைக்கொட்டை அளவுப் பற்றரிக்கு அது யமன். கம்பிச் சுருளைப் பிரித்துப் பிரித்துச் சுற்றி, பற்றரி நிறைய நிறைய மின்சாரம் குறையும்படி செய்து, நாலு மாதம் சோறு தண்ணி மறந்து அதை முப்பத்தாறுக்கு இறக்கியிருந்தான். கிளிநொச்சி வெயிலே சில நாள் அதைவிடக் கூட! போன மாதம்தான் நிறுவனத்து ஆட்கள் இருபது பேருக்கும் பழசை மாற்றிப் புதுசைக் கொடுத்தார்கள். பத்தொன்பது பேர் வாய் திறக்கவில்லை. இந்த மனுசி மட்டும்!

"சூடு எண்டா கறண்ட் வீணாப் போகுது எண்டு அர்த்தம் அம்மா. பற்றரி கெதியாச் செத்துப்போம்."

"உங்கட பற்றரி சாகாது, நான்தான் சாவன்! முந்தி பின்னேரம் வைச்சிட்டுக் கொஞ்சத்தால தொட்டுப் பாப்பன். சுட்டா நிம்மதி. இப்ப தொட்டா செத்த தவளை மாதிரிக் கிடக்கு. ஏறுதோ இல்லையோ ஆர் கண்டது? இந்தக் கிழமை மூண்டு நாள் ஏறேல்லை. நேற்று செவிடாத்தான் றோட்டுக்கு இறங்கினனான். லொறிக்காரன் பிறேக் அடிச்சதால உயிரோட கதைக்கிறன்."

"ஏறேல்லை எண்டா நீங்கள் சரியா வைக்கேல்லை. அதுக்குத்தானே முன்பக்கம் லைற் போட்டிருக்கிறன்! பச்சை எரிஞ்சா ஏறுது. எரியாட்டி எடுத்துத் திருப்பி வையுங்கோ. ஒருக்காப் பாத்தாக் காணும்."



"பாத்தாக் காணுமோ?" குரல் தணிந்திருந்தது. "எல்லாம் நிறுவனத்துப் படிவத்தில எழுதுவிச்சுத்தானே தந்தனான்? தெரிஞ்சுகொண்டே பகிடி விடுறியளோ?"

"இதில என்னம்மா பகிடி? சின்னப்பிள்ளையும் பாத்துச் சொல்லும்."

"நில்லுங்கோ, நான் வாறன். வந்து நிக்கிறன், நீங்கள் என்னை ஒருக்காப் பாருங்கோ!"

தொலைபேசி துண்டிக்கப்பட்டது.

கூட வேலை செய்யும் யதுர்ஷிகா சிரித்தாள். "சூடு கேக்கிறா. பெட்டியில முட்டை வைச்சுக் குஞ்சு பொரிக்கிறாவோ?"

"கழுதைக்குத் தெரியுமோ கற்பூர வாசனை!"

"அந்தப் படிவத்தை ஒருக்கா எடுத்துப் பாப்பமே?"

"அதில என்ன கிடக்கு? எத்தினை பெட்டி எண்டு தெரிஞ்சாக் காணும் எனக்கு."

மறுநாள் பத்து மணிபோல வாசலில் ஓட்டோ ஒன்று வந்து நின்றது. பூநகரியிலிருந்து ஓடுகிற பஸ்ஸே ஒன்றோ இரண்டோ. அதையும் காத்திருந்து பிடித்து, இறங்கி ஓட்டோவும் ஏறிச் சண்டைக்கு வந்திருக்கிறாள் மனுசி என்று செந்தூரன் பல்லைக் கடித்தான். அவனும் தயாராகத்தான் இருந்தான். பெட்டிக்குள் ஒரு கருவியை வைத்து, லைற் பளிச்சென்று எரிவதைப் பார்த்துக்கொண்டான். அதை அவள் முகத்துக்கு நேரே நீட்டி, "இதுகூடத் தெரியேல்லையோ?" என்று நாக்கைப் பிடுங்குகிற மாதிரிக் கேட்பதற்காக வாசலுக்கு விரைந்தான்.

ஓட்டோவிலிருந்து முதலில் ஒரு வெள்ளைத் தடி இறங்கி, நிலத்தைத் தட்டிப் பார்த்தது.

"எங்க தம்பி உங்கட பச்சை லைற்?" என்று விமலேஸ்வரி அம்மா வெறும் வெளியை நோக்கிக் கையை நீட்டினார். "தாங்கோ, தடவிப் பாப்பம்."