முதல் துண்டு

துண்டைக் கையில் எடுத்துவிட்டாள். வாயில் வைக்கத்தான் வரவில்லை.

மேசையைச் சுற்றி ஒரு குடும்பம். திருப்பூரிலிருந்து வேன் பிடித்து வந்தவர்கள். அத்தனை கண்ணும் அவள் விரல் நுனியில்.

கொடுவா மீன். காலையில் ஏலத்தில் எடுத்தது. மசாலா கருகாமல் பதமாகப் பொரிந்திருந்தது.

கடல் ஊருக்குள் வந்துவிட்டுப் போன பிறகு இந்தக் கடைத்தெருவில் உண்டான பழக்கம் இது. கடலோடு போனவர்களை மீன் தின்றிருக்கும் என்று எவனோ கிளப்பிவிட்டான். அவன் வாயில் மண் விழ. அந்தப் பேச்சு ஊர் ஊராகப் போய்ச் சேர்ந்துவிட்டது. அதனால் கடைக்காரர்தான் முதல் துண்டைத் தின்று காட்ட வேண்டும். காட்டினால் நம்புவார்கள், சாப்பிடுவார்கள்.

அவள் மெஸ்ஸில் தின்று காட்டுகிறவன் கொழுந்தன் சிங்காரவேல். முள்ளை உறிஞ்சி, விரலை நக்கி, கண்ணை மூடி என்னமாய் நடிப்பான். இன்றைக்குப் பார்த்து கேஸ் சிலிண்டர் எடுக்கப் போய்விட்டான்.

வந்தவர்கள் வேனை விட்டு இறங்கும்போதே மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். என்ன நாற்றமாம்? சுவரில் அடித்த புதுச் சுண்ணாம்பு வாசனைதான். குடிக்கும் தண்ணீரைக்கூட வீட்டிலிருந்தே கேனில் கொண்டுவந்திருந்தார்கள். இழவு வீட்டுக்கு வந்த மாதிரி குசுகுசுவென்று பேசினார்கள்.

ராத்திரியில் அழுகைச் சத்தம் கேட்குமாமே என்று பெரியவர் விசாரித்தார். கேட்கும்தான், எதிர்வீட்டில் பிள்ளை பெற்றிருக்கிறாள் என்றாள் அவள்.

ஒருவரும் சிரிக்கவில்லை.

ஊரில் ஆளே மிச்சமில்லை என்றார்களே என்று மருமகள் இழுத்தாள். அப்படியானால் உனக்குச் சோறு போடுகிறது யாராம் என்று இவள் திருப்பிக் கேட்டாள்.

அந்தப் பெண் சட்டென்று இவள் காலைப் பார்த்தாள்.

கால் தரையில்தான் இருந்தது.

மீன் அப்படியெல்லாம் தின்னாது என்று எத்தனை பேருக்கு அவளே சொல்லியிருக்கிறாள். அறிவு கெட்ட பேச்சு என்று எத்தனை பேரை ஏசியிருக்கிறாள். தெருவே தின்கிறது. யாருக்கு என்ன ஆகிவிட்டது?

ஆனால் கடல் வந்துபோன பிறகு அவள் தின்றதில்லை. கேட்டால் விரதம் என்பாள்.

எந்தச் சாமிக்கு என்று ஒருவரும் கேட்டதில்லை. அவள் புருஷனைக் கடல் கொண்டுபோனது தெருவுக்கே தெரியும். மற்ற வீட்டாருக்கு அடக்கம் செய்ய ஏதோ ஒன்றாவது கிடைத்தது. இவளுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. கரையில் தேடாத இடமில்லை. உடம்பைப் பார்க்காமல் கருமாதி வைக்க விடமாட்டேன் என்று ஒற்றைக் காலில் நின்றாள். இன்னும் நிற்கிறாள்.

விரதம் என்று இவர்களிடம் சொல்ல முடியாது. எழுந்து போய்விடுவார்கள். போகிற இடமெல்லாம் சொல்வார்கள். எத்தனையோ நாளைக்குப் பிறகு வந்திருக்கிற வேன். தெருக்காரர்கள் அவரவர் கடை வாசலில் நின்று இந்த மேசையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பெரியவர் மரியாதையாகத்தான் சொன்னார்.

"நீங்க ஒரு வாய் சாப்பிடுங்க. அப்புறம் நாங்க சாப்பிடறோமுங்க."

வைத்தாள்.

மென்றாள்.

முதலில் உப்பு. பிறகு மிளகு.

பிறகு அவள் போடாத ஒன்று.

வெற்றிலை. கொஞ்சம் படகு டீசல். வெயிலில் காய்ந்த சட்டை.

அவளுக்குத் தெரியும் அந்த வாசனை. அவள் பக்கத்துத் தலையணையில் இருந்தது. தலையணையையும் கடல்தான் கொண்டுபோனது.

வெளியே அலைச் சத்தம் கேட்கவில்லை. யாரோ மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிற மாதிரி இருந்தது.

இந்த நேரத்துக்குத்தான் இத்தனை நாள் பயந்தாள். பயம் வரவில்லை. ஆசையாக இருந்தது. அத்தனை பேர் முன்னால் வெட்கமாகக்கூட இருந்தது.

விழுங்கினாள்.

பெரியவர் முகம் தெளிந்தது. மருமகள் சிரித்துக்கொண்டே தட்டுக்குக் கை நீட்டினாள்.

இவள் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"மீன் இல்லீங்க."

தட்டு நிறைய மீன் இருந்தது.

மருமகளின் கை நீட்டியபடியே நின்றது. இவர்கள் எதைக் கேள்விப்பட்டு வந்தார்களோ அதுவே உண்மை என்று முடிவு கட்டிக்கொண்டார்கள். மருமகள் பெரியவரின் கையைப் பிடித்து எழுப்பினாள். வேன் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு போனது. தெருக்காரர்கள் ஒன்றும் புரியாமல் நின்றார்கள். பக்கத்துக் கடைக்காரி இவள் பேரைச் சொல்லிக் கூப்பிட்டாள்.

அவள் கதவைச் சாத்தினாள்.

சிங்காரவேல் சிலிண்டரோடு பின்வாசல் வழியாக வந்தான். அவள் தரையில் உட்கார்ந்து தின்றுகொண்டிருந்தாள். அண்ணி மீன் தின்று அவன் பார்த்து எவ்வளவோ நாளாயிற்று. கண் கலங்கிவிட்டது அவனுக்கு. நல்லது அண்ணி, நல்லது என்றான். வேன் எங்கே என்று கேட்டான். போய்விட்டது என்றாள்.

ஒரு துண்டுதான் மிச்சமிருந்தது. அவள் ஒரு வாழையிலையைக் கழுவிப் போட்டு, அதில் அந்தத் துண்டை வைத்தாள்.

அவன் வழக்கம்போல இலையைத் தூக்கிக்கொண்டு வாசல் பக்கம் போனான், நாலு பேர் பார்க்கத் தின்பதற்கு.

"உள்ள உக்காந்து சாப்புடு தம்பி. இது வீட்டு ஆளுங்களுக்கு மட்டும்."

அவன் உட்கார்ந்தான்.

"முள்ளத் தூக்கிப் போட்டுராத. எனக்கு வேணும்."