காலிக் கூண்டு

"இந்த வாரமும் கூண்டுல ஒண்ணும் விழல தாயி. நீ ஏன் இந்த வெயில்ல அலையிற?" என்றாள் மலையம்மாள்.

எலி ஒழிப்புப் பணியாளர் இசைவாணி கிரைண்டருக்குப் பின்னால் குனிந்து டார்ச் அடித்தாள். பழங்காநத்தத்தில் அவள் பொறுப்பில் நானூறு வீடுகள். இந்த ஒரு வீட்டுக்கு மட்டும் வாரம் தவறாமல் வந்துவிடுவாள்.

"இங்க ஒரு ஓட்டை இருக்குக்கா. கண்ணாடித் துண்டு போட்டு அடைச்சிடுறேன்."

சிமெண்டைக் குழைக்கும்போது செல்போன் அடித்தது. சூப்பர்வைசர் ஸ்டீபன்.

"இன்னும் அங்கயாம்மா இருக்க? அந்தச் சந்துல எலி நடமாட்டம் நின்னு ஆறு மாசமாச்சு. மத்த தெரு அம்புட்டும் அப்படியே கிடக்கு."

"அஞ்சு நிமிஷம் சார். வந்துடுறேன்."

மலையம்மாள் காபி கொண்டுவந்து வைத்தாள். அவளுக்கு ஒரே மகன், முகேஷ். இருபத்திரண்டு வயது. போன ஐப்பசி மழையில் வாசலில் தேங்கிய தண்ணீரை, காலில் இருந்த புண்ணோடு இறங்கி இறைத்தான். பத்தே நாளில் எலிக்காய்ச்சல் அவனைக் கொண்டுபோய்விட்டது.

"சாதாக் காய்ச்சல்னு நெனச்சு நாலு நாள் கசாயம் வச்சுக் குடுத்தேன். நாந்தான் அவனைக் கொன்னுட்டேன்."

"அப்படிச் சொல்லாதீங்கக்கா. உங்க மேல தப்பே இல்ல."

"பின்ன யாரு மேல? பக்கத்துத் தெருவுல உங்க எலி ஒழிப்பு ஆளுங்க வீடு வீடாப் போய்ச் சொன்னாங்களாம். தண்ணியில இறங்காதீங்க, காய்ச்சல் வந்தா அன்னைக்கே ஆஸ்பத்திரிக்கு வந்துருங்கன்னு. மாத்திரையும் குடுத்தாங்களாம். எங்க சந்துக்கு ஒருத்தரும் வரல." மலையம்மாள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அப்பவே உன்ன இந்த ஏரியாவுக்குப் போட்டிருந்தா எம்புள்ள இருந்திருப்பான்."

இசைவாணி குழைத்த சிமெண்ட் முழுவதையும் அந்தச் சின்ன ஓட்டையில் வைத்து அழுத்திக்கொண்டே இருந்தாள்.

"காபி ஆறிப்போச்சே. வேற போடவா?"

"வேணாம்க்கா. அடுத்த வாரம் வாரேன்."

வெளியே வந்தவள் சந்துமுனை வரை திரும்பிப் பார்க்கவில்லை.

போன ஐப்பசியிலும் இந்தச் சந்து இசைவாணியின் பொறுப்பில்தான் இருந்தது. மழைக்கு டீக்கடையில் ஒதுங்கி நின்றபடியே, சந்தில் இருந்த பதிமூன்று வீடுகளுக்கும் 'வீடு பூட்டியிருந்தது' என்று பதிவேட்டில் எழுதிவிட்டுப் போனவள் அவள்தான்.