நாலு மணிக்கு இறங்கும் குழந்தை

பள்ளி வேன் எங்கே வருகிறது என்று விருத்தாசலத்துப் பெற்றோருக்குக் காட்டும் ஆப், அறிவழகனுடையது.

"சார், ஒரு போன்ல மட்டும் யாரோ நடுவுல பூந்து நம்ம ஆப்பை ஏமாத்துறாங்க" என்றான் உடன் வேலை பார்க்கும் அஷ்ஃபாக். "வராத வேன் வந்ததாவும், தினம் நாலு மணிக்குக் குழந்தை இறங்குனதாவும் காட்டுது. யாருன்னு பார்க்கட்டுமா?"

"எவனா இருந்தா என்ன? நாளைக்கு ஒரு புள்ளையக் கடத்திட்டு, பத்திரமா இறங்கிடுச்சுன்னு காட்டுனா? மொதல்ல ஓட்டைய அடைக்கணும்!"

அறிவழகனே உட்கார்ந்து, மதியத்துக்குள் பூட்டுப் போட்டு அப்டேட் அனுப்பினான். இனி யார் குறுக்கே புகுந்தாலும் ஆப் தானாக நின்றுவிடும்.

மாலையில் வீடு திரும்பியபோது, பூங்கோதை போனும் கையுமாக வாசலிலேயே நின்றாள். அவனோடு சேர்ந்து அந்த ஆப்பை எழுதிய மனைவி.

"திட்டாதீங்க. நம்ம பாப்பா செத்துப்போனதுலேருந்து, நான்தாங்க தினம் நாலு மணிக்கு அவள இதுல இறக்கி வுட்டுக்கிட்டு இருந்தேன்."

அணைந்த திரையை அவனிடம் நீட்டினாள்.

"இன்னிக்கி அவ இறங்கவே இல்லீங்க."