வைவாவில் ஒரு நிமிஷம்

காலேஜின் எட்டுப் பேப்பரையும் கால் சென்டர் வேலையையும் ஒன்றாக இழுத்துக்கொண்டிருந்தாள் பூங்கோதை. இந்த வைவாவில், வாய்மொழித் தேர்வில், தேறாவிட்டால் படிப்பை விட்டுவிடுவதாக வீட்டில் சொல்லிவிட்டுத்தான் வந்திருந்தாள். ஷிப்டு முடிந்து நேராக வந்து, வேறு காலேஜிலிருந்து தேர்வெடுக்க வந்திருந்த எக்ஸ்டர்னல் முன்னால் உட்கார்ந்தாள். முதல் கேள்வியே படித்ததுதான். வாயில்தான் வரவில்லை.

“லைன்லயே இருங்க சார், செக் பண்ணிச் சொல்றேன்” என்றாள். சொன்ன பிறகுதான் உறைத்தது.

பக்கத்திலிருந்த அவள் வகுப்பு மேடம் சிரித்துவிட்டார். “இங்க என்ன கஸ்டமர் கேரா நடக்குது?”

பூங்கோதைக்குக் கண் கலங்கியது.

எக்ஸ்டர்னல் பேனாவை மூடி வைத்தார். “விடுங்க மேடம். கஸ்டமர் கேர்ல பாட்டைப் போட்டுட்டு எத்தனை பேர் என்னைக் காக்க வச்சிருக்காங்க. நீ செக் பண்ணும்மா, நான் லைன்லதான் இருக்கேன்.”

அவர் கடிகாரம் பக்கமே திரும்பவில்லை. அவள் கண்ணை மூடிக்கொண்டாள். உதடு மெல்ல அசையத் தொடங்கியது.